லீவுக்கு வந்த முகமூடி வீரன்

அந்த நாளில் திண்டுக்கல் பேகம்பூருக்குள் நுழைந்து ஜெகபர் அலி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். மொகமூடி வீடு என்று கேட்க வேண்டும். உடனே, "அட, இடியாப்பக்கார பக்ருன்னிசா தம்பியா? நேராப் போயி, பள்ளிவாசல் தாண்டுனதும் சோத்தாங்கைப் பக்கம்" என்று வழி காட்டிவிட்டு, "பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்க" என்று ஒரு சலாமும் கொடுத்தனுப்புவார்கள். அத்தா ஆசையாக வைத்த பேர் போன இடம் தெரியவில்லை. ஊர் ஒரு பேரை ஒட்டிவிட்டால் பிறகு அதை யார் உரிப்பது?

ஜெகபர் ஒன்றும் வாளோடு பிறந்தவனில்லை. மீசை அரும்புகிற வயசில் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று ஆட்டுத்தோலைப் புரட்டிப் போட்டவன்தான். வெள்ளிக்கிழமைக் குளியலிலும் போகாத நாற்றம் அது. கூட நின்று புரட்டியவன் மாயாண்டி. சாயங்காலமானால் இரண்டு பேரும் மலைக்கோட்டை அடிவாரத்தில் சிலம்பம் சுற்றுவார்கள். ஒருத்தனை ஒருத்தன் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. ஜெகபர் மெட்ராசுக்கு ரயிலேறுவது என்று முடிவு செய்தபோது மாயாண்டிக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் அவனுக்கு அப்போதுதான் வீரலட்சுமியைப் பேசி முடித்திருந்தார்கள். "நீ போயி ராசாவாகு மாப்ளே, நான் இங்கன இருந்து கைதட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மெட்ராசில் ஸ்டூடியோ வாசல்களில் நாய் படாத பாடு பட்ட பிறகு ஒரு முகமூடிப் படத்தில் ஜெகபருக்கு இடம் கிடைத்தது. அந்தப் படத்தின் கதாநாயகருக்குக் குதிரையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். ஆகவே முகமூடி போட்டுக்கொண்டு வருகிற இடமெல்லாம் ஜெகபர், முகமூடியைக் கழற்றினால் கதாநாயகர் என்று ஏற்பாடு. ஓடுவது, தாவுவது, வாள் சுழற்றுவது, அடி வாங்குவது எல்லாம் இவன் பாடு. கடைசியில் கதாநாயகியின் கையைப் பிடிப்பது மட்டும் அவர் வேலை. இப்படி ஒருத்தருக்குப் பதிலாக விழுந்து எழுகிறவனுக்கு சினிமாக்காரர்கள் டூப் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

மெட்ராசுக்கு அவன் டூப்பாக இருக்கலாம், திண்டுக்கல் விடுமா? டூரிங் கொட்டகை நடத்திய சௌகத் அலி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் கதாநாயகர் பேரை மூலையில் ஒதுக்கிவிட்டு, 'நம் ஊர்ச் சிங்கம் ஜெகபர் அலி தாவும்!' என்று ஆளுயரத்துக்குத் தீட்டிவிட்டார். வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நிற்கிற சனமெல்லாம் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஏறும். படத்தில் ஒரு கிணற்றுக் காட்சி வரும். முகமூடி வீரன் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு கயிறு பிடித்துப் பாழுங்கிணற்றுக்குள் சரசரவென்று இறங்குவான். அடியில் கிடக்கிற ராஜகுமாரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வருவான். அந்த இடத்தில் கொட்டகையே எழுந்து நிற்கும். நாகல்நகர்ப் பெண்கள் சில பேர் அழுதேவிடுவார்களாம்.

அந்தக் கிணறு அட்டையும் பிளாஸ்டரும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அடியில் மெத்து மெத்தென்று வைக்கோல். தோளில் கிடந்த ராஜகுமாரி பஞ்சு அடைத்த பொம்மை. இதை ஜெகபர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல? கேட்கவும் இல்லை. அம்புட்டு சந்தோஷப்படுகிறவர்களிடம் போய், அது வைக்கோலுங்க என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்?

1959-ல் பக்ரீத்துக்கு அவன் ஊருக்கு வந்தபோது, "இந்தத் தடவ எத்தன நாளு லீவு தம்பி?" என்று பக்ருன்னிசா கேட்டாள். புருஷனைச் சீக்கிரமே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இடியாப்பம் அவித்து விற்றுக் காலம் தள்ளுகிறவள். தம்பி ஒருத்தன்தான் அவளுக்குச் சொத்து, சுகம், பெருமை எல்லாம். இடியாப்பம் வாங்க வருகிறவர்கள் தம்பி கதை கேட்காமல் தேங்காய்ப் பால் வாங்க முடியாது.

"கூடக் கொஞ்சம் இருப்பேங்க்கா. செத்த ஓய்வு எடுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு" என்றான்.

ஓய்வாவது ஒன்றாவது! மூன்று மாதத்துக்கு முன்னால் ஓடுகிற குதிரையிலிருந்து குதிக்கும்போது வலது தோள்பட்டை மூட்டு விட்டுப்போய்விட்டது. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், ஒன்றும் ஆகவில்லை. வலது கை மார்புக்கு மேலே எழும்பாது. கனமாக எதையாவது பிடித்தால் விரல் தானாகத் திறந்துகொள்ளும். சண்டை மாஸ்டர் நல்ல மனுஷன், முகத்துக்கு நேரே போ என்று சொல்லவில்லை. "ஊருக்குப் போயி லீவுல இருந்துட்டு வா, ஆளனுப்புறேன்" என்றார். ஆள் வராது என்று இவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊருக்கு மட்டும் தெரியாது. அதை எப்படியாவது மறைத்து, பண்டிகையைக் கழித்துவிட்டு, பிறகு அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

மறைக்கிறது லேசா? பெருநாள் தொழுகைக்கு ஈத்கா மைதானத்தில் கடைசி வரிசை ஓரத்தில் போய் நின்றான். மற்ற தொழுகை மாதிரியில்லை, பெருநாள் தொழுகையில் தக்பீர் அதிகம். இமாம் "அல்லாஹு அக்பர்" என்று சொல்லச் சொல்ல, மைதானம் முழுக்கக் கைகள் காது வரைக்கும் எழும். ஜெகபரின் இடது கை எழுந்தது. வலது கை மார்போடு நின்றது. ஒவ்வொரு தக்பீருக்கும் தலையைத் தாழ்த்திக் காதைக் கையிடம் கொண்டுவந்தான். பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடியிருந்தார். "யா அல்லா, உன் முன்னாடியே நடிக்க வச்சிட்டியே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அதற்குப் பிறகு குர்பானி. தம்பி வந்திருக்கிறான் என்று பக்ருன்னிசா அந்த வருஷம் ஆடு அறுக்க ஏற்பாடு செய்திருந்தாள். அய்யலூர்ச் சந்தைக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து ஆட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் சவரிமுத்து. பூட்டிக் கிடந்த பழைய தோல்ஷாப்பின் காவல்காரர் அவர். ஆட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும். அறுத்து, உரிக்கிறதுக்காக விட்டத்தில் தூக்கிக் கட்ட வேண்டிய நேரம் வந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த மாயாண்டி, "தூக்கு மாப்ளே" என்றான். ஜெகபர் கயிற்றைத் தேடுகிற மாதிரி குனிந்தான், வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி திரும்பினான். மாயாண்டி அவன் வலது தோளை ஒரு பார்வை பார்த்தான். தானே இரண்டு கையாலும் ஆட்டைத் தூக்கிக் கட்டினான்.

இறைச்சியை மூன்று பங்காக்குவது முறை. வீட்டுக்கு ஒன்று, உறவுக்கும் சிநேகிதத்துக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. சவரிமுத்துவின் பங்கை பக்ருன்னிசா தனியாகப் பனையோலைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். வருஷா வருஷம் மத்தியானத்துக்கு முன்னால் பேகம்பூரில் வீடு வீடாக வந்து சலாம் சொல்லிப் பங்கு வாங்கிப் போகிறவர் அவர். அன்றைக்கு வரவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. வேறு வீட்டில் பிரியாணிக்கு உட்கார்த்தி வைத்திருப்பார்கள் என்று இந்த வீடு நினைத்தது. இந்த வீட்டில் இருப்பார் என்று அந்த வீடு நினைத்தது. பாய் வீடுகளில் நல்லாச் சாப்பிட்டுவிட்டு ஷாப்பிலேயே படுத்திருப்பார் என்று அவர் சம்சாரம் செபாஸ்தியம்மாள் நினைத்தாள். பண்டிகை நாளில் ஒரு மனுஷன் காணாமல் போவது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

மறுநாள் காலையில் செபாஸ்தியம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரு நேத்து வந்து பங்கு வாங்கிட்டாரா?"

பக்ருன்னிசா விட்டத்தைக் காட்டினாள். மஞ்சளும் உப்பும் தடவிய இறைச்சி பெட்டியோடு தொங்கிக்கொண்டிருந்தது. செபாஸ்தியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "பங்க விடுற ஆளு இல்லையேம்மா அவரு. முந்தாநாளு சாயந்தரம் ஷாப்புக்குப் போனவரு..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், பேகம்பூர் கூடிவிட்டது. படம் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் சும்மா இருக்குமா? பழைய ஷாப்புக்குள் கள்ளநோட்டு அடிக்கிற கும்பல் இருக்கிறது, காவல்காரர் பார்த்துவிட்டார், தீர்த்துவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். இல்லை, நேற்று வத்தலக்குண்டு பஸ்ஸில் இரண்டு முரடர்களுக்கு நடுவே அவரைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சத்தியம் செய்தார். அந்த ஷாப்புக்குள் பட்டப்பகலிலேயே யாரோ முனகுகிற சத்தம் கேட்கிறது, அது பேயேதான் என்றார் இன்னொருத்தர். முனகல் கேட்டவருக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, பேய் என்று வீட்டுக்கு ஓடத்தான் தோன்றியிருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

சௌகத் அலிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "எதுக்குய்யா போலீசு கீலீசு? நம்ம மொகமூடி ஊருல இருக்கைல! தம்பி, நீங்க ஒரு நட போனாப் போதும்."

"நான் லீவுக்கு வந்தவன்ணே" என்று ஜெகபர் சிரிக்கப் பார்த்தான். கூட்டம் அதையும் ஒரு வசனமாக எடுத்துக்கொண்டு கைதட்டியது. செபாஸ்தியம்மாள் எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள். "அப்பு, எனக்கு நாதியில்லப்பு. எப்படியாவது அவரக் கொண்டாந்து குடுத்துரு" என்றாள். பக்ருன்னிசா பின்னாலிருந்து, "என் தம்பி கொண்டாருவான். நீ அழுகாத" என்று அவன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் அவன் என்ன செய்வான்? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். ஊர் பின்னால் நடந்தது.

பழைய ஷாப்பு ஊரை ஒட்டியே, கருவேலங்காட்டு ஓரத்தில் இருந்தது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளேதான் ஆள் இருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. "தாவுங்க! செவுரத் தாவுங்க!" என்று கத்தியது. ஜெகபர் சுவரைப் பார்த்தான். ஒரு காலத்தில் எச்சில் துப்புகிற நேரத்தில் ஏறி இறங்கியிருப்பான். இப்போது கை வைக்கக்கூடப் பயமாக இருந்தது.

"இம்புட்டுக்காண்டு செவுருக்கு மொகமூடி எதுக்கு? நான் போதும், தள்ளுங்கப்பா" என்று மாயாண்டி முன்னால் வந்தான். ஏறிக் குதித்துத் தாழை நீக்கினான். ஜெகபரைக் கடந்து போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. அது ஜெகபருக்கு என்னவோ போலிருந்தது.

உள்ளே முனகல் சத்தம் கேட்டது. பேயுமில்லை, கள்ளநோட்டுமில்லை. கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற உருளை மாட்டிய கட்டை இற்றுப்போய் முறிந்திருந்தது. வாளியோடு சேர்ந்து சவரிமுத்துவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கிணற்றின் பாதி ஆழத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல் திட்டில் மடங்கிக் கிடந்தார். ஒரு கால் திரும்பிப் போயிருந்தது. அவருக்குக் கீழே கொஞ்சம் கலங்கல் தண்ணீர், அதற்கடியில் பல வருஷத்துச் சுண்ணாம்பும் பட்டைச் சாறும் தோல் கழிவும் ஊறிய கறுத்த சேறு. நாற்றம் குப்பென்று மேலே வந்தது.

"சேசுவே... யாராச்சும்..." என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

தீயணைப்பு வண்டிக்கு ஆள் ஓடினான். ஆனால் வண்டி வரும்வரை திட்டு தாங்குமா என்று தெரியவில்லை. அவர் அசையும்போதெல்லாம் சுவரிலிருந்து காரை பெயர்ந்து சேற்றில் விழுந்தது. யாரோ வடக்கயிறு கொண்டுவந்தார்கள். கயிறு கை மாறிக் கை மாறி, யாரும் கேட்காமலே, ஜெகபர் கைக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் வழிவிட்டு வட்டமாக நின்றது. கொட்டகையில் அந்தக் காட்சிக்கு எழுந்து நிற்பார்களே, அதே முகங்கள். பக்ருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவள் கண்ணில் பயம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அவன் கயிற்றை இடுப்பில் கட்டினான். ஆமாம், கட்டினான், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு காலைத் தூக்கிக் கிணற்றின் விளிம்புக்கு அந்தப் பக்கம் போட்டான். எப்படியாவது இறங்கிவிடலாம், இறங்கியே தீருவது என்று ஒரு வெறி. வலது கையால் கயிற்றைப் பிடித்து உடம்பின் கனத்தைக் கொஞ்சம் இறக்கினான். விரல்கள் திறந்துகொண்டன. இடது கையால் விளிம்பைத் தாவிப் பிடித்ததால் விழவில்லை. உள்ளே பார்த்தான். இந்தக் கையோடு போனால் அந்த மனுஷனைக் கயிற்றில் கட்ட முடியாது. கட்டப் போய் இரண்டு பேரும் சேற்றுக்குள் போவோம். தான் போனால் போகட்டும், அவரையும் சேர்த்தா கொல்வது?

காலை இந்தப் பக்கம் எடுத்தான்.

"என்னால முடியாது. எனக்குக் கை வராது. தோளு போச்சு, மூணு மாசமாச்சு. வேற யாராச்சும் எறங்குங்க" என்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருத்தன், "மொகமூடியப் போட்டாத்தான் தகிரியம் வருமோ?" என்றான். சிரிப்பு கிளம்பியது. பக்ருன்னிசா, "தம்பி, என்ன தம்பி வெளாட்டு?" என்று கேட்டாள். சௌகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். ஜெகபர் வாழ்க்கையில் எவ்வளவோ உயரத்திலிருந்து குதித்திருக்கிறான். அத்தனையிலும் அடிபடாத இடத்தில் அன்றைக்கு அடிபட்டது.

மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து ஜெகபர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்ததைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"மாப்ளே, திட்டு ஆடுதுடா" என்றான் ஜெகபர் மெதுவாக.

"எனக்குக் கண்ணு தெரியாதா? நீ மேல நின்னு கயித்தப் புடி. அந்தக் கதாநாயகனுக்கு நீ டூப்பு, அவன் நல்லா இருக்கட்டும். டூப்புக்கு டூப்பு நான்" என்று சொல்லிக் கண்ணடித்துவிட்டு இறங்கினான்.

இறங்கினான் என்றால் அப்படி இறங்கினான். படத்தில்கூட அந்த நிதானம் கிடையாது. திட்டில் கால் பட்டும் படாமல் நின்று, தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து சவரிமுத்துவின் அக்குளில் கொடுத்துக் கட்டினான். "இழுங்கப்பா!" என்று குரல் கொடுத்தான். பத்துப் பேர் இழுத்தார்கள், ஜெகபரும் இடது கையால் இழுத்தான். சவரிமுத்து மேலே வந்தார். செபாஸ்தியம்மாள் ஓவென்று கதறிக்கொண்டு அவர் மேல் விழுந்தாள்.

அங்கேதான் ஊர் செய்யக் கூடாததைச் செய்தது. வேண்டுமென்றா செய்தார்கள்? சந்தோஷம் தலைக்கேறினால் மனுஷனுக்குக் கண் தெரியாது. "தண்ணி! தண்ணி!" என்று ஒருத்தன், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்று ஒருத்தன். நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவர் உடம்பில் கட்டிய கயிறும் கூடவே புழுதியில் இழுபட்டுப் போனது. இருந்தது அந்த ஒரே கயிறு.

"கயிறு! கயித்த விடுங்கடா!" என்று ஜெகபர் கத்தினான். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? ஓடிப் போய் அவர்களை மறித்து முடிச்சைப் பிடித்தான். கனம் ஏறி இறுகிய முடிச்சு. ஒரு கையால் அவிழுமா? பல்லால் கடித்தான்.

கிணற்றுக்குள்ளிருந்து மாயாண்டியின் குரல் கேட்டது. "மாப்ளே, கயிறு எங்கடா?"

முடிச்சு அவிழ்வதற்கும் திட்டு சரிவதற்கும் சரியாக இருந்தது. கல் விழுகிற சத்தம். பிறகு சேறு வாயைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம். ஜெகபர் கயிற்றோடு விளிம்புக்கு வந்து பார்த்தபோது குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவன் விளிம்பில் ஏறியதும் நாலு பேர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். திமிறினான். ஒரு கை உள்ளவன் எவ்வளவுதான் திமிறுவான்?

தீயணைப்பு வண்டி வந்து, கொக்கி போட்டு மாயாண்டியை எடுத்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

சவரிமுத்து பிழைத்துக்கொண்டார், கால்தான் கொஞ்சம் இழுப்பு. ஊர் கொஞ்ச நேரம் அழுதது. அழுது முடித்ததும், யார் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தது. கயிற்றோடு ஓடிய நாலு பேரைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. திட்டு ஆடுவது தெரிந்ததும் மொகமூடி நைசாகக் கழன்றுகொண்டான் என்றார்கள். அதே வாய்கள், அதே நாக்கு! கை போனதாக நடித்தானாம். நடிகனுக்குச் சொல்லியா தர வேண்டும் என்றார்களாம். சௌகத் அலி பஸ் ஸ்டாண்டுச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். பக்ருன்னிசாவிடம் வழக்கமாக இடியாப்பம் வாங்குகிறவர்கள் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தார்கள். வந்தவர்களிடமும் அவள் தம்பி கதை சொல்லவில்லை. ஆனால் அவள் தம்பியை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ராத்திரி அவன் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், "ஏம்ப்பா எங்கிட்டக்கூடச் சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அதோடு சரி.

ஜெகபர் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. மாயாண்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் சட்டை போடுவான், தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவான். சாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றதுதான், வீரலட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அழவேயில்லை என்று சொன்னார்கள். சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாளாம்.

கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் அவளே வந்தாள். பக்ருன்னிசா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜெகபர் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். வெறும் நெற்றியோடு உள்ளே வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அவன் எழுந்து நின்றான்.

"வாம்மா, உக்காரு" என்றான்.

"உக்கார வரலண்ணே. ஒண்ணு கேக்கணும். ஆடு உரிச்ச அன்னிக்கு அவுக வீட்டுக்கு வந்து, 'மாப்ளைக்குக் கை போச்சு புள்ள, பாவம் மறைக்கிறான், நீ யாருட்டயும் சொல்லிறாத'ன்னாக. நான் சொல்லல. இப்ப ஊருல வேற சொல்றாக. உங்க கைக்கு ஒண்ணும் ஆகல, எங்க வீட்டு மனுசன்கிட்டயும் நீங்க நடிச்சிருக்கீகன்னு சொல்றாக. நீங்க நடிக்கிற ஆளுதானண்ணே. எனக்கு எதுன்னு தெரியல. நடிப்புன்னா அவுக ஒரு பொய்க்காகச் செத்தாகன்னு ஆயிரும். அத வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது. கையத் தூக்குங்க, பாப்போம்."

ஜெகபர் வலது கையைத் தூக்கினான். அது மார்பு வரை வந்து நின்றது.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாம்மா."

அவள் கிட்ட வந்தாள். ஒரு கையால் அவன் முழங்கையையும் இன்னொரு கையால் மணிக்கட்டையும் பிடித்தாள். பிடித்து மேலே தூக்கினாள். அவன் தடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவள் இன்னும் தூக்கினாள், அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தூக்கினாள். மூட்டுக்குள் ஏதோ நழுவியது. அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிவிட்டான். மாவுக் கையோடு ஓடி வந்த பக்ருன்னிசா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

வீரலட்சுமி அந்தக் கையை மெதுவாகக் கீழே கொண்டுவந்து, அவன் உடம்போடு சேர்த்து வைத்தாள்.

"நடிப்பு இல்லண்ணே" என்றாள். "அவுக உண்மை தெரிஞ்சுதான் எறங்கியிருக்காக."

பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்து, மாயாண்டி செத்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். பக்ருன்னிசா வந்து அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.